மூன்று பெட்டியில் வந்த தையல் மெஷின்

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். அதை யாரிடமும் மறைத்ததில்லை. நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். நெய்யாற்றின்கரையில் என் தையல் கம்பெனிக்கு வருகிறவர்கள் மெஷின்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் காலேஜ் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் அவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பேன். வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வரவழைக்கப் படித்தவன் ஆறு மாதம் யோசிப்பான். நான் போனில் படம் பார்த்து, விலை பேசி, பணம் அனுப்பி, கப்பலேற்றச் சொல்லிவிட்டுத்தான் மதியச் சோற்றுக்கு உட்காருவேன். சுங்கக் கணக்கு எனக்கு விரல் நுனியில் நிற்கும். மெஷினின் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன்மேல் டூட்டி. பிறகு டூட்டியையும் சேர்த்து வந்த தொகையின்மேல் ஜிஎஸ்டி. வரிக்கு மேல் வரியா என்று கேட்டால், ஆமாம், வரிக்கு மேல் வரிதான். கட்டிவிட்டுத் தூங்குகிறேன்.

போன மாதம் ஓர் எம்பிராய்டரி மெஷின் வரவழைத்தேன். துறைமுகத்தில் சரக்கை எடுத்துத் தரும் ஏஜென்ட் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணாச்சி, தலைய ஒரு பில்லுல, மோட்டார இன்னொரு பில்லுல, ஸ்டாண்ட வேற ஒரு பேர்ல கொண்டு வந்துருவோமா? வெலையயும் கொறச்சுப் போட்டுக்கலாம். எல்லாரும் செய்யறதுதான்” என்றான். நான் சிரித்த சிரிப்பில் அவன் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினான். “தம்பி, அந்த வித்தைய நான் பத்து வயசுல செஞ்சு பாத்தாச்சு. முழு வெலையும் போடு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய் இல்லை. உண்மையாகவே பத்து வயதில் செய்தேன்.

எங்கள் வீடு பனச்சமூடு ஜங்ஷனிலிருந்து கூப்பிடு தூரம். ரோட்டைக் கடந்தால் வேறு மாநிலம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் அரிசி விலை குறைவு; இந்தப் பக்கம் கொண்டுவரக் கட்டுப்பாடு. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தால் செக்போஸ்டில் கண்டுகொள்ள மாட்டார்கள். மூட்டையாக வந்தால் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே அரிசி மூட்டையாக வராது. ஆறு பெண்கள் ஆறு பொட்டலமாக, ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள் போல நடந்து வருவார்கள். இந்தப் பக்கம் வந்ததும் ஆறும் ஒரு சாக்கில் விழும்.

அந்த ஆறு பேருக்கும் தலைவி என் அத்தை, அப்பாவின் தங்கை. அவளைப் போல ஒரு பெண்ணை அதன் பிறகு நான் எந்த ஊரிலும் பார்க்கவில்லை. செக்போஸ்ட்காரர் பொட்டலத்தைத் தொட்டால், “தொட்டுப் பாத்தா வெந்துருமா சாரே?” என்று கேட்பாள். அவர் சிரித்துக் கையை எடுத்துவிடுவார். எனக்கும் அந்தத் தொழிலில் பங்கு உண்டு. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்கு அடியில் இரண்டு படி வைத்து நடப்பேன். ஒருநாள்கூட அகப்பட்டதில்லை. அந்த வயதில் என்னளவு திறமைசாலி எங்கள் வட்டாரத்தில் கிடையாது.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தையல் தெரியும். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மிதி மெஷினில் சட்டையும் பாவாடையும் தைத்தாள். சட்டைக்குப் பட்டன் துளை போடுவதைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். அவள் அதைக் கையால்தான் போட்டாள். ஒரு சட்டைக்கு ஆறு காஜா. விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. அந்த வருடம் மிஷன் பள்ளிக்கூடத்து மானேஜர், பள்ளி திறப்பதற்குள் தைத்துத் தர முடியுமென்றால் பிள்ளைகளின் யூனிபாரம் முழுவதையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போய்விடும். அத்தனை காஜாவையும் கையால் போட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஆனால் துபாயில் வெல்டிங் வேலை பார்த்த மாமா, அத்தையின் வீட்டுக்காரர், அங்கே கரண்டில் ஓடும் ஒரு ஜப்பான் மெஷின் உண்டு, கண் மூடித் திறப்பதற்குள் காஜா போட்டுவிடும் என்று எழுதியிருந்தார். மே மாதத் தொடக்கத்தில் அவர் லீவில் வருவதாக இருந்தது. அத்தை ஆர்டருக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை வேலைக்குப் பேசிவைத்தாள். மாட்டுத் தொழுவத்தில் பாதியைத் தடுத்துச் சிமெண்ட் தரை போட்டாள். எல்லாம், கடல் கடந்து வரவேண்டிய அந்த ஒரு மெஷினை நம்பி.

மாமாவுக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம் என்னுடையது. அத்தை தைத்துக்கொண்டே சொல்வாள். நான் நீல ஏர்மெயில் தாளில் எழுதுவேன். திருப்பிப் படித்துக் காட்டு என்று அவள் கேட்டதில்லை. தபாலாபீசில் இருக்கும் பசையால் ஒட்டிப் போடுவதும் நான்தான். வெறுமே சொன்னதை எழுதுகிறவன் அல்ல நான். அங்கங்கே மெருகு ஏற்றுவேன். ஒரு தடவை, “இக்கடிதம் எழுதுகிறவனுக்கு ஒரு மைப்பேனா தேவைப்படுகிறது” என்று நானாகச் சேர்த்தேன். அடுத்து துபாயிலிருந்து வந்த ஆளிடம் பேனா வந்துவிட்டது. அத்தை, “பாத்தியா, மாமனுக்கு ஒன் மேல எவ்வளவு பிரியம்” என்றாள். அதிலிருந்து என் மெருகின் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

மெஷின் விஷயமாக அவள் சொன்னது இதுதான்:

“எழுது மக்கா. மெஷின முழுசா ஒரே பெட்டியில கொண்டு வரச் சொல்லு. கடைக்காரன் தந்த பில்ல பத்திரமா வச்சுக்கிடணும். ஆப்பீசர் கேக்கியதுக்கு முந்தி, இன்ன மெஷின் உண்டுன்னு தானாச் சொல்லணும். டூட்டிக்குள்ள ரூபா நான் இஞ்ச சேத்து வச்சிருக்கேன், பேடிக்க வேண்டாம்னு எழுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை பேசுகிற பேச்சா இது?

“என்னத்துக்கு அத்தே சும்மா குடுக்கணும்? நம்ம அரிசிக்குக் குடுக்கியோமா?”

“எலே, அரிசி தின்னா தீந்துபோவும். மெஷினு வீட்டுல இருந்து சத்தம் போடும்லா? எவளாவது ஒருத்தி பெட்டிஷன் எழுதிப் போட்டா வந்து தூக்கீட்டுப் போயிருவான். பில்லு, ரசீதுன்னு கடலாசு வேணும் பாத்துக்க. சொன்னத எழுது.”

எழுதினேன். ஆனால் அவள் சொன்னதை அல்ல. பாவம், அத்தைக்கு வயதாகிவிட்டது, தைரியம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவள் மறந்துவிட்ட அவளுடைய வித்தையை நான் அவளுக்காக எழுதினேன்: “மெஷினை மூன்றாகப் பிரித்து மூன்று ஆட்களின் பெட்டியில் வைக்கவும். ஆளுக்குக் கொஞ்சம் என்றால் பிடிக்க மாட்டார்கள். நாம் இங்கே அரிசி கொண்டுவருவது போல. பில்லைக் கிழித்துப் போடவும். இறங்கியதும் ஒருவரையொருவர் தெரியாதது போல நடக்கவும்.”

மாமாவின் பதில் வந்தது. “உன் புத்தி யாருக்கு வரும்? நீ சொன்னபடியே மூன்று பெட்டியில் கொண்டுவருகிறேன்” என்று இருந்தது. நான், “நீ சொன்னபடியே கொண்டுவருகிறேன்” என்று படித்துக் காட்டினேன். இரண்டு சொல்லைத்தான் விட்டேன். அத்தை நிம்மதியாக அடுத்த காஜாவுக்கு நூல் கோர்த்தாள்.

மாமா வருகிற அன்று ஒரு ஜீப் வாடகைக்குப் பேசி, அத்தையும் நானும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தலைக்கு மேல் பெட்டி கட்டிய வண்டியில் ஊருக்குள் நுழைய வேண்டும். அது அன்றைய சட்டம். ஜீப்பின் முன் சீட்டில் நான் உட்கார்ந்து பனச்சமூடு ஜங்ஷனில் இறங்கப்போகிற காட்சியைப் போகிற வழியெல்லாம் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கம்பி அழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் உள்ளே கஸ்டம்ஸ் மேசைகள் தெரியும். மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் மேசையில் நின்றார். அடுத்த மேசையில் மாமாவோடு வேலை பார்த்த கோட்டுகால் ஊர்க் கொத்தனார் ஒருவர், அதற்கடுத்து அதியன்னூர் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர். மூன்று பேரும் மூன்று திசையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கடிதத்தை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

மாமா பெட்டியிலிருந்து மெஷினின் தலை வெளியே வந்தது. அதே நேரத்தில் பக்கத்து மேசை ஆபீசர் கொத்தனாரின் துணிகளுக்கு நடுவிலிருந்து மோட்டாரை எடுத்துத் தூக்கிப் பிடித்து, “இதெந்தா?” என்றார். கொத்தனார் நல்ல மனிதர். பொய் சொல்லிப் பழகாதவர். “எனிக்கறியில்ல சாரே, அது ஆ ஆளுடெ மெஷின்றெயா” என்று சொல்லி, தனக்கு ஒன்றும் தெரியாது, அது அந்த ஆளின் மெஷினுடையது என்று தாடையால் மாமாவைக் காட்டினார். எலக்ட்ரீஷியனிடம் யாரும் எதுவும் கேட்கவேயில்லை. அவராகவே பையைத் திறந்து கால் மிதியையும் காஜா போடும் சாமானையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

பிறகு உள்ளே பேச்சு நடந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றினார். வியர்வையைத் துடைத்தார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினார். நான் அத்தைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, பெட்டிக்காரரின் மனைவி யார் என்று கேட்டு அத்தையை உள்ளே கூப்பிட்டார். அவள் என் கையைப் பிடித்திருந்ததால் நானும் போனேன்.

பெரிய ஆபீசர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், தமிழ் தெரிந்தவர். கையில் என் கடிதம்.

“ஏம்மா, இது ஒன் வீட்டுக்காரருக்கு நீ போட்ட லெட்டரா?”

“ஆமா சாரே.”

“படிக்கேன், கேளு.” சத்தமாகவே படித்தார். மூன்றாகப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம், அரிசி போல, பில்லைக் கிழித்து. ஒரு சொல் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “இது என்னா, அரிசிக் கணக்கா? மறைச்சுக் கொண்டு வந்ததுக்கு மெஷின நான் அப்படியே எடுத்து உள்ள வச்சிரலாம், தெரியுமா?”

அத்தையின் கைக்குள் என் கை இருந்தது. அவள் அதை இறுக்கவுமில்லை, விடவுமில்லை. குனிந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்தாள்.

“நான் சொல்லி எழுதினதாக்கும் சாரே.”

மாமா, “பாத்தீங்களா சார், பாத்தீங்களா” என்றார்.

“நீங்க சும்மா கெடங்க” என்றாள் அத்தை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். “டூட்டி கெட்டியதுக்கு ஆறு மாசமாச் சேத்தது. துபாயில இருந்து வந்தவங்க வீட்டுல எல்லாம் கேட்டு, இம்புட்டு ஆவும்னு தெரிஞ்சு கொண்டு வந்தேன். ஏய்க்கணும்னு நெனச்சா இதச் சொமந்துகிட்டு வருவேனா? தப்பு எனக்க பேர்ல உண்டு. தண்டம் போடணும்னா அதயும் போடுங்க. மூணயும் மூணு சாமானா எழுதாம, ஒரே மெஷினா எழுதி, எனக்கு ரசீது தரணும்.”

ஆபீசர் கைக்குட்டையைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். “ஒரே மெஷின்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அதற்கு முன் அந்த மெஷினை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மாமா அனுப்பிய ஒரு படத்தில்தான் பார்த்திருந்தாள். தலையை மேசைமேல் நிறுத்தி, மோட்டாரைப் பின்னால் பொருத்தி, மாமாவிடம் திருப்புளி வாங்கி முடுக்கி, காஜா சாமானை மாட்டி, மெஷினோடு வந்த நூலைக் கோர்த்து, வயரைச் சொருகி, மிதியைத் தரையில் வைத்தாள். “கரண்ட் எங்க உண்டு?” என்று கேட்டாள். ஒரு ஆபீசர் எழுந்து மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தார். தன் புடவை முந்தானையின் ஓரத்தையே ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். அந்த ஏர்போர்ட்டின் அத்தனை சத்தத்துக்கும் மேல் அது ஒரு சத்தம் போட்டது. முந்தானையில் அழகாக ஒரு காஜா விழுந்தது.

நான் பிறகு எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ டெமான்ஸ்ட்ரேஷன் பார்த்திருக்கிறேன். கோட்டு போட்ட இஞ்சினியர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஈடு ஒன்று இல்லை.

ஆபீசர் குனிந்து அந்தக் காஜாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். பில் இல்லாததால் அவர் புத்தகத்தில் இருந்த விலைக்குத்தான் டூட்டி போட முடியும் என்றார். அது கடை விலையைவிட அதிகம். மறைத்ததற்குச் சிறிதாக ஒரு தண்டமும் போட்டார். கைக்குட்டைப் பணம் போதவில்லை. மாமாவின் சட்டைப்பையில் இருந்த துபாய்ப் பணத்தை மாற்றிக் கட்டியும் போதவில்லை. அத்தை வெளியே போய் ஜீப்காரருக்கு வந்த வழிக்கு மட்டும் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்பிப் போக வைத்திருந்ததைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கணக்கு நேராயிற்று.

ரசீதை மடித்து அவளிடம் கொடுத்த பிறகு ஆபீசர் நீலத் தாளை எடுத்தார். “கையெழுத்து யாருக்குள்ளது?”

“பிள்ளைக்குள்ளது. சொன்னது நான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கையெழுத்து நல்லா இருக்குடே” என்றார். இத்தனை பெரிய அதிகாரி, அத்தனை பேர் முன்னால். அன்று எனக்கு நினைவில் நின்றது அதுதான். வெளியே வரும்போது அத்தையிடம், “ஆப்பீசர் சொன்னதக் கேட்டியா?” என்றேன். “கேட்டேன் மக்கா” என்றாள்.

துபாயிலிருந்து வந்த மாமா பஸ்ஸில் ஊருக்குப் போனார். நெய்யாற்றின்கரையில் இறங்கி வெள்ளறடைக்கு ஒன்று, அங்கிருந்து பனச்சமூட்டுக்கு இன்னொன்று. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பியபடி இருந்தார். “ஊரே சிரிக்கும்” என்று மட்டும் சொன்னார். “சிரிக்கட்டு. பட்டன் தெறிச்சா நம்மகிட்டதான் வரணும்” என்றாள் அத்தை. கண்டக்டர் மெஷினைக் காட்டி லக்கேஜ் டிக்கெட் கேட்டார். “போடும். இன்னைக்கு எல்லாருக்கும் குடுத்தாச்சு, ஒமக்கு மட்டும் எதுக்குக் கொறை” என்று கையில் மிஞ்சிய சில்லறையை நீட்டினாள்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசிச் சட்டைக்குக் காஜா போட்டு முடித்தாள். அடுத்த வருடம் மூன்று பள்ளிக்கூடங்கள் வந்தன. நடுவில் யாரோ பெட்டிஷனும் போட்டார்கள். விசாரிக்க வந்தவர் முன்னால் அவள் ரசீதை விரித்து வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, தன் மகளுக்கு ஒரு பாவாடைக்கு எவ்வளவு துணி எடுக்கவேண்டும் என்று கேட்டுப் போனார். அந்தத் தொழுவத்தில்தான் நான் நூல் கோர்க்கக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து இன்றைய கம்பெனி வரை நானாக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்வது வழக்கம். சொல்லிவிட்டுப் போகிறேனே.

அந்தக் கடிதத்தைப் பற்றி அத்தை என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. தான் சொன்னது என்ன என்பதே அவளுக்கு மறந்துவிட்டது போல என்று நான் முடிவு செய்தேன். தைக்கிறவளுக்கு எவ்வளவுதான் நினைவிருக்கும்?

மாமா திரும்பப் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். சர்ச்சில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு ஒன்று நடந்தது. நாலைந்து கிழவிகள் வேதாகமம் வாசிப்பதற்காகப் போவார்கள். அவர்களோடு இவளும் போனாள். பகலில் துணிமேல் சாக்கட்டியால் கோடு போடுகிற இடத்தில் ஆனா ஆவன்னா எழுதிப் பார்த்து, அதன் மேலேயே வெட்டுவாள். எங்கள் வகுப்பில் சிலருடைய காலருக்கு உள்பக்கம் அந்த எழுத்து அழியாமல் இருந்தது. என் கையெழுத்தை ஏர்போர்ட் ஆபீசரே புகழ்ந்ததைப் பார்த்து அத்தைக்கு ஆசை வந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் தபாலாபீசுக்குப் போகச் சொன்னாள். கையில் ஒரு நீல ஏர்மெயில் தாளைத் தந்தாள். மாமாவின் விலாசம் பெரிய பெரிய எழுத்தில் கோணலாக இருந்தது. முழுக்கத் தானே எழுதியிருக்கிறாள். திறந்து பார்க்கலாம் என்று திருப்பினேன். மூன்று பக்கமும் வீட்டிலேயே சோற்றுப் பருக்கை வைத்து அழுத்தி ஒட்டியிருந்தாள்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. புதிதாக எழுதப் படித்தவள். என்னிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். உள்ளே ஏதாவது தப்பு இருந்தால் இனி யார் திருத்துவார்கள் என்று தபாலாபீஸ் வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.